கடைசி அத்தியாயத்துக்குப் பதிலாக ஒரு நாய்

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை ஒன்று நாவலாகக் கிடைத்திருக்கிறது, அதை எப்படிப் படமாக்குவது என்று போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கே வந்து கேட்டார். காபி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், பதில் மட்டும் கொடுக்கவில்லை. மனிதருக்கு என்மேல் வருத்தம் என்று கேள்வி. அதனால் கதை விவாதத்துக்கு உட்காரப்போகிற எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும், இதற்குக் கிழவன் முறுக்கோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றினால் என்னைத் திட்டாதீர்கள்.

அழிந்துபோன உலகத்தில் சில சாமான்கள் தவறாமல் மிஞ்சும், கவனித்திருப்பீர்கள். மனைவி முதல் பத்து நிமிடத்துக்குள் செத்துப்போவாள். புருஷன் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமே. வழியில் யாருமற்ற ஒரு குழந்தை கிடைக்கும். கூடவே ஒரு நாய் வரும். கடற்கரைக்கு வாருங்கள், இங்கே சோறும் தண்ணீரும் இருக்கிறது என்று ரேடியோவில் எங்கிருந்தோ ஒரு குரல் கூப்பிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு ரவுடிக் கூட்டம் மட்டும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, தோல் சட்டை மாட்டிக்கொண்டு சுற்றும். செங்கல்பட்டு வெயிலில் தோல் சட்டை! கடைசியாக, வெடித்த தரையில் ஒரு பச்சைத் தளிர். அதைக் காட்டினால் போதும், ஜனங்கள் எழுந்து வண்டி எடுக்கப் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் கேலி செய்வது சுலபம். நான் வாழ்நாள் முழுக்க செய்திருக்கிறேன். ஆனால் இந்தச் சாமான்கள் ஒரு நல்ல கதைக்குள் எப்படி வந்து சேருகின்றன என்பதை ஒரே ஒரு முறைதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொண்டுவந்து போட்டவர் தயாரிப்பாளர் இல்லை, இயக்குநர் இல்லை. அந்தக் கதையை எழுதியவரே.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரம் பிறந்தால் உலகம் இருக்காது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் ஒரு தயாரிப்பாளருக்குப் படம் ஒன்று தெரிந்தது. நான் வேலை பார்த்துவந்த இயக்குநரிடம் பொருத்தமாக ஒரு நாவல் இருந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற ஒருவர் எழுதியது. அச்சிட்டவரும் எங்கள் இயக்குநரும் தவிர யாராவது படித்தார்களா என்பது சந்தேகம்.

கதை இதுதான். ஏதோ ஒரு காய்ச்சலில் ஊர் காலியாகிவிடுகிறது. கொளவாய் ஏரிக்கரையில் ஒரு வீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்கள் எங்கேயும் போவதில்லை; போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தானே? அவன் தினமும் ஸ்டேஷனுக்குப் போய், வராத ரயிலுக்குக் கவுண்டரைத் திறந்துவைத்துவிட்டு வருகிறான். அவள் இருப்பதைச் சமைக்கிறாள். உப்பு போதவில்லை என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். மழைக்காலம் வந்ததும் வேடந்தாங்கலில் பறவைகள் வழக்கம்போல இறங்குகின்றன. மனிதர்கள் இல்லாமல்போனது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. அவன் தண்ணீர் கொண்டுவந்து அவள் முகத்தைத் துடைக்கிறான். தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, ஒற்றைச் சடையாகப் பின்னிவிடுகிறான். பின்னி முடிக்கிற இடத்தில் நாவலும் முடிந்துவிடுகிறது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமல்லபுரத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு ஓட்டலில் விவாதத்துக்கு அறை போட்டார்கள். வெளியே சிற்பப் பட்டறைகளிலிருந்து உளிச் சத்தம் பகல் முழுக்கக் கேட்டபடி இருக்கும். இயக்குநர் கட்டிலில் படுத்திருப்பார், நாங்கள் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். தினமும் காலையில் அதுவரை முடிவான கதையை முதலிலிருந்து சொல்லிக்காட்டுவது என் வேலை. கேட்கிறவர்கள் எங்கே கொட்டாவி விடுகிறார்களோ அந்த இடத்தில் அன்றைய விவாதம் தொடங்கும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. இன்றும் பல அறைகளில் இருக்கிறது, நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு காட்சி வேண்டாம் என்று சொல்கிறவன் அந்த இடத்துக்கு வேறு காட்சி சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றும் நடக்காமல் இருப்பதே ஒரு காட்சி என்று இந்தச் சட்டத்தின் கீழ் யாராலும் வாதாட முடியாது.

எழுத்தாளர் காலை டூட்டி முடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் வந்து சேருவார். ஒல்லியான ஆள். கதவோரமாக உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். அவர் வந்த முதல் நாளே இயக்குநர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு முதல் ரீல்லயே செத்துடணும். அப்பதான் ஹீரோ வீட்டை விட்டுக் கிளம்புவான். இல்லேன்னா படம் பூரா உப்புக்கு சண்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.”

“வேணாம் சார்” என்றார் எழுத்தாளர்.

“சரி, வேற சொல்லுங்க.”

எழுத்தாளர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். நான் அவரை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“வூட்ல கன்னியம்மா கீறா சார். என் சம்சாரம். இருதயம் வீங்கிப் போச்சு, ஆப்பரேசன் தாங்காதுன்னு டாக்டரு கைய விரிச்சிட்டாரு. கைய தூக்கி தல வாரிக்கினாகூட மூச்சு வாங்குது. இந்தப் படத்தப் பாக்கணும்னு ஒரே ஆசையா கீறா. நம்ம கத சினிமாவா வருதுன்னு தெருவுக்கே சொல்லிட்டா. மொத ரீல்லயே அந்தப் பொம்பளய சாவடிச்சிட்டு, இவள எப்டி சார் நான் கூட்டிகினு போயி தியேட்டர்ல ஒக்கார வெப்பேன்?”

நாவலில் வருகிற பெண் யார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் டூட்டிக்குப் போகும் முன் கன்னியம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான்.

மறுநாள் வந்தவர் செருப்பைக் கழற்றியதும் பேச ஆரம்பித்துவிட்டார். “சார், அவ சாவ வேணாம். ஒரு நாயி வெச்சிக்கலாம். ரெண்டு பேருக்கும் கொயந்த மாதிரி. ரவுடிப் பசங்க அத இழுத்துகினு போயிடட்டும். செத்துடுச்சுன்னு நெனச்சி அந்தக் கோவத்துல ரெண்டு பேரும் வூட்ட வுட்டுக் கெளம்பட்டும்.”

அறையே கை தட்டியது. இயக்குநர் கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் எழுந்து உட்கார்ந்தால் காட்சி ஓகே என்று அர்த்தம்.

அதன் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அவள் பாதி வழியில் சாகட்டும் என்று யாராவது வாயெடுத்தால், அதற்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிடுவார். குழந்தையோடு இருக்கிற பெண்ணை எப்படிக் கொல்வது? இரண்டாம் பாதி தொய்கிறது, அவள் போய்விட்டால் விறுவிறுப்பு வரும் என்றால், ரேடியோவில் குரல் கேட்கும். ஆற்றைத் தாண்டும்போது அடித்துக்கொண்டு போகட்டும் என்றால் மோட்டார் சைக்கிள்கள் வந்துவிடும். தோல் சட்டை கூட அவர் கொடுத்ததுதான். வராத ரயிலுக்குக் கவுண்டர் திறந்த மனிதர், இங்கே எங்கள் யாரையும் விட வேகமாகச் சினிமா சொன்னார். அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வீட்டில் ஒருத்திக்காகத் தினமும் ஒரு சாவைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போகிற சந்தோஷம்.

மறுநாள் காலையில் அதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுவேன். நாளுக்கு நாள் நாவல் என் வாயிலேயே கரைந்துகொண்டிருந்தது. உப்புச் சண்டை போயிற்று. கவுண்டர் போயிற்று. வேடந்தாங்கல் பறவைகள் மிஞ்சின, ஆனால் நம்பிக்கையின் அடையாளமாக. கடைசி அத்தியாயம் மட்டும் அப்படியே இருந்தது. இத்தனை அமர்க்களமும் முடிந்து, கடற்கரையில் ஒரு குடிசையில், ஒரு காலையில் அவள் எழுந்திருக்க மாட்டாள், அவன் தலை பின்னிவிடுவான். அந்த இடம் வரும்போது யாரும் கொட்டாவி விட்டதில்லை. அது ஒன்று தப்பித்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தயாரிப்பாளர் வந்தார். வடசென்னைக்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் பெரிது. மத்தியானம் கடல் மீன் வறுத்து, குழம்பு வைத்து, சாப்பாடு தயாராக இருந்தது. நான் கதை சொல்லி முடித்தபோது இலை போட்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

“இன்னாயா, அந்தப் பொம்பள கடசில சாவுதா?”

“ஆமா சார்” என்றார் இயக்குநர்.

“ஃபேமிலி ஆடியன்ஸ் படம் பூரா அவ கூடவே நடந்து வந்துகினு இருப்பான். கடசில சாவடிச்சின்னா வெளிய போய் நம்மளத்தான் திட்டுவான். ஒண்ணு மொதல்லயே கொன்னுடு, அழுது முடிச்சிட்டு மறந்துடுவான். இல்லியா, கடசி வரைக்கும் உசுரோட வுடு. ரெண்டுல ஒண்ணு. நான் கை கழுவசொல்ல முடிவு தெரியணும். தெரியலேன்னா எனக்கு வேற கத கீது.”

சொல்லிவிட்டு மீனில் கை வைத்தார். இயக்குநர் எழுத்தாளரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிள்ளைகளே, நம் தொழிலில் பெரிய முடிவுகளுக்குக் கிடைக்கிற அவகாசம் இவ்வளவுதான், ஒரு ஆள் சாப்பிட்டு முடிக்கிற நேரம். எழுத்தாளர் தயாரிப்பாளரின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே வந்தது. ரசம் வந்தது. மோர் வந்தது.

“உசுரோட இருக்கட்டும் சார்” என்றார். “கடைசி அத்தியாயம் வேணாம்.”

“அப்ப முடிவு?”

“அந்த நாயி சாவல சார். அவங்க கடல்கரைக்கு வந்து சேர்ந்ததும் அது தேடிகினு வந்துடட்டும். கொயந்த அதக் கட்டிப் புடிச்சிக்கட்டும். அவ சிரிக்கட்டும். பறவைங்க மேல பறக்கட்டும்.”

தயாரிப்பாளர் இலையை மடித்துவிட்டு எழுந்து, எச்சில் கையோடே அவரைக் கட்டிக்கொள்ள வந்தார். தளிர் யோசனை மட்டும் தயாரிப்பாளருடையது.

அன்று பஸ் ஸ்டாண்டு வரை எழுத்தாளரோடு நடந்தேன். அவர் முகம் தெளிவாக இருந்தது. “கன்னியம்மா கைல சொல்லிடலாம் சார், ஒன்னிய யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலேன்னு” என்றார். எனக்கு அந்த அத்தியாயம் போன வயிற்றெரிச்சல். ஆனால் அவரிடம் என்ன சொல்வது? அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், நானும் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்போம். அவர் எடுத்தது தப்பான முடிவு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் தாங்கவே முடியாதது அதுதான்.

படம் எடுத்தோம், முடித்தோம், இரண்டாயிரம் பிறந்தும் உலகம் அப்படியே இருந்தது, கொஞ்சம் தாமதமாகப் படமும் வந்தது. செங்கல்பட்டில் பகல் காட்சிக்கு எழுத்தாளர் கன்னியம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். அன்றுதான் அந்த அம்மாவை முதல் முறை பார்க்கிறேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன, முகம் வெளுத்திருந்தது. தலை மட்டும் எண்ணெய் வைத்து வழித்து வாரி, ஒற்றைச் சடையாகத் தொங்கியது, நுனியில் ஒரு துண்டு கனகாம்பரம். நடைபாதையோர சீட்டில் உட்காரவைத்தோம். இந்தப் பக்கம் அவர், அடுத்து நான்.

நாய் வந்தது. குழந்தை வந்தது. தோல் சட்டைகள் வந்தன. முன்வரிசையில் விசிலடித்தார்கள். எழுத்தாளர் திரையைப் பார்க்கவில்லை, கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து வருகிற ஒவ்வொரு இடத்திலும், பயப்படாதே என்கிறதுபோல அந்த அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் கடற்கரை வந்தது, பறவைகள் பறந்தன, தளிர் முளைத்தது, விளக்கு எரிந்தது. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். கன்னியம்மா எழுந்திருக்கவில்லை.

“இன்னாயா, அவ்ளோதானா?”

“அவ்ளோதான். பாத்தியா, கடசி வரைக்கும் உன்ன சாவ வுடவேல்ல.”

“தல பின்னி வுடுவியே. அது எங்க?”

அவர் சிரித்தபடியே சொன்னார். “அது அவ செத்ததுக்கு அப்புறம் வர்றதும்மே. சாவ வேணாம்னு நான்தான் எடுக்க சொன்னேன்.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டது. குரலில் கோபம் இல்லை.

“சாவாம இருந்துடுவாளா எவளாச்சும்? நான் அதப் பாக்கத்தான்யா வந்தேன். நாயி, கொயந்த, வண்டி, இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? நான் போனப்பறம் நீ எப்டி கிட்ட ஒக்காந்துகினு பின்னி வுடுவன்னு ஒரு தடவ கண்ணால பாத்துடலாம்னு வந்தேன். புக்குல எத்தினி தடவ படிச்சிகீறேன் தெரியுமா அத? ராவுல பயமா இருக்கசொல்ல அதான் படிப்பேன்.”

அவள் ஒருத்தியைக் காப்பாற்ற அவர் தன் நாவல் முழுவதையும் கொடுத்திருந்தார். அவளுக்கு அதில் வேண்டியிருந்தது அந்த ஒரு காட்சிதான். இத்தனை மாதத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த அறையில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர் உட்பட. ஆட்டோவில் ஏற்றும்போது அந்த அம்மாவே அவர் தோளில் தட்டி, “சரி வுடு, சினிமாதான” என்றது.

சில வாரங்களில் தகவல் வந்தது. நான் போனபோது ஏரிக்கரைத் தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே நாற்காலிகளில் இருந்தார்கள். உள்ளே பெண்கள் கன்னியம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், கதவு பாதி சாத்தியிருந்தது. எழுத்தாளர் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றிருந்தார். கன்னியம்மாவின் அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள்.

“நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற? பொம்பளைங்க கீற எடத்துல. போ, போயி ஆம்பளைங்க கூட ஒக்காரு.”

“தல பின்னணும்” என்றார்.

“நாங்க பாத்துக்கறோம், போ.”

நான் பக்கத்தில் போய், “அவர்தாம்மா தினமும் பின்னிவிடுவார்” என்றேன்.

“அதெல்லாம் உசுரோட இருக்கசொல்ல. இப்ப மொற இன்னாவோ அதான் செய்யணும்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் அப்படித்தான், தங்கையை இழந்தவள் அவள்.

எங்கள் அறையில் ஒவ்வொரு சாவுக்கும் வேறு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், அந்தக் கதவின் முன்னால் எதுவும் சொல்லாமல் நின்றார். அழவில்லை. சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்களுக்கு இதில் பாடம் வேண்டுமென்றால், கதையில் ஒருவரைக் காப்பாற்றுவதற்கு முன்னால், அவருக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள். கேட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது, அந்தத் தயாரிப்பாளர் அப்போதும் சாப்பிட்டு முடித்திருப்பார். இருந்தாலும் கேளுங்கள்.

பறை அடிக்க ஆரம்பித்ததும் அவளை வெளியே தூக்கிவந்து பாடையில் கிடத்தினார்கள். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மாலை. எழுத்தாளர் எழுந்து போய்க் குனிந்து தலைப் பக்கமாகப் பார்த்தார். திரும்பி வந்து என் காதருகில் சொன்னார்.

“கொண்ட போட்டுட்டாங்க சார். அவளுக்குக் கொண்ட புடிக்காது.”

எங்கள் அறையாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் வேறு காட்சி சொல்லியிருப்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.